தாத்தா வாட்ச் என்ன வாட்ச்னு கண்டுபிடிக்க எது பெட்டர்: கூகுளா, ரிப்பேர் கடையா, கம்பெனிக்கே எழுதுறதா?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பீரோல இருந்து பழைய வாட்ச் ஒண்ணு கைக்கு கிடைச்சா உடனே சாவி குடுத்து ஓடுதான்னு பாக்காதீங்க. எல்லாரும் முதல்ல அதைத்தான் பண்றோம், நானும் பண்ணேன், ஓடினதும் அம்மாவ கூப்பிட்டு காதுல வெச்சு டிக் டிக் சத்தம் வேற கேக்க வெச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சது, முப்பது வருஷமா எண்ணெய் காஞ்சு கெடக்குற மெஷின அப்படியே ஓட விட்டா உள்ள இருக்குற இரும்பு அச்செல்லாம் தேய ஆரம்பிச்சிடும்னு. ஓடுதா இல்லையாங்கறத மெதுவா பாத்துக்கலாம். இது என்ன வாட்ச், எந்த காலத்துது, உள்ள இருக்கறதெல்லாம் அதோட சொந்த சாமான்தானா, இத முதல்ல கண்டுபிடிக்கணும். அதுக்கு என்னென்ன வழி இருக்கு, எதுக்கு எவ்வளவு செலவு, எது நம்மள ஏமாத்தும்னு நான் அடிபட்டு கத்துக்கிட்டத சொல்றேன்.

ராஜபாளையத்துல எங்க ஊர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கறப்போ மச்சுல ஒரு பிஸ்கட் டப்பா கிடைச்சது. உள்ள மூணு வாட்ச். ஒண்ணு அப்பாவோட எச்எம்டி ஜனதா, அதுல குழப்பம் இல்ல, டயல்லயே எழுதியிருக்கு. இன்னொண்ணு மாமா சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த சீக்கோ 5. மூணாவது தாத்தாவோடது, சின்ன வட்ட வாட்ச், டயல்ல பேரே இல்ல, பேரு இருந்த எடம் கறை புடிச்சு அழிஞ்சு போச்சு, ஆறு மணி எடத்துல விநாடி முள்ளுக்கு தனியா ஒரு குட்டி வட்டம், நம்பருங்க எல்லாம் பழுப்பு கலர்ல உப்பிப் போய் நிக்குது. வீட்ல எல்லாரும் சொன்ன கதை ஒண்ணுதான், 1962ல தாத்தா கல்யாணத்துக்கு அவரு மாமனார் போட்ட வாட்ச் இது.

எல்லாரையும் போல நானும் போன்லதான் ஆரம்பிச்சேன். போட்டோ எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுறது. காசு கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை. டயல்ல பேரு தெளிவா இருக்குற வாட்சுக்கு இது ஓரளவு கை குடுக்கும், பேரே இல்லாத தாத்தா வாட்சுக்கு அது இருபது கம்பெனி பேரு சொல்லிச்சு, எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அது தப்பா சொல்றது கூட பெரிய பிரச்சினை இல்லைங்க. அது காட்டுற படங்கள்ல முக்காவாசி யாரோ விக்கறதுக்கு போட்ட படம், அந்த வாட்சே ஒரிஜினலா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, நாம அதப் பாத்து "ஓ இப்படித்தான் இருக்கும் போல"ன்னு கண்ண பழக்கிக்கிறோம். கண்ணு ஒரு தடவ தப்பா பழகிட்டா அப்புறம் ஒரிஜினல் எதிர்ல வந்தா கூட டூப்பு மாதிரிதான் தெரியும்.

இதுல நான் மூவாயிரத்து எண்ணூறு ரூபா கட்டி பாடம் படிச்சேன். ஃபேவர் லூபா கேள்விப்பட்டிருப்பீங்க, நம்ம பெரியவங்க பேவர்லூபான்னு சேத்து சொல்வாங்க. ஸ்விட்சர்லாந்துல லே லோக்ல்ங்கற ஊர்ல 1737ல ஆரம்பிச்சது, 1865லயே பம்பாய்க்கு வந்துட்டாங்க, அதனால நம்ம நாட்டுல ஒரு தலைமுறைக்கு நல்ல வாட்ச்னாலே இதுதான். சீ சீஃப், சீ கிங்னு மாடலுங்க. மயில் கழுத்து நீலத்துல ஒரு சீ சீஃப் ஆன்லைன்ல பாத்தேன், லென்ஸ்ல போட்டா அதே மாதிரி நாப்பது நீல சீ சீஃப் வந்து நின்னுச்சு. சரி இத்தனை இருக்கே, அப்போ ஒரிஜினல்தான்னு முடிவு பண்ணி வாங்கிட்டேன். கையில வந்ததும் லென்ஸ் கண்ணாடி வெச்சுப் பாத்தா எழுத்து எல்லாம் மை ஊறின மாதிரி தடிமனா இருக்கு, நிமிஷக் கோடுங்க மேல இருக்குற உலோகக் குச்சிங்களோட நேரா சேரல, கீழ ஆறு மணிகிட்ட இருக்க வேண்டிய ஸ்விஸ் மேடு (Swiss Made, ஸ்விட்சர்லாந்துல செஞ்சது)ங்கற வார்த்தையவே காணோம், விநாடி முள்ளு கோட்டைத் தொடாம பாதி வழில நிக்குது. பழைய டயல சுரண்டி புதுசா பெயிண்ட் அடிச்சு, கிடைச்ச முள்ள மாட்டி, வேற எதோ மெஷின உள்ள வெச்சு ஓட்டி விட்டிருக்காங்க. லென்ஸ் காட்டுன அந்த நாப்பதும் இதே கைப்பக்குவம்தான்னு அப்புறம் புரிஞ்சது. உலகம் பூரா பழைய வாட்ச் சேக்கறவங்க இந்த ரகத்துக்கு பாம்பே ஸ்பெஷல்னே பேரு வெச்சிருக்காங்க, நமக்கு பெருமையா அசிங்கமான்னு தெரியல. எச்எம்டிலயும் இந்தக் கூத்து நிறைய, கண்ணப் பறிக்கிற ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ் டயல்ல ஜனதாவோ பைலட்டோ பாத்தா அனேகமா அது பெயிண்டர் கைவண்ணம்.

அதனால கூகுள் லென்ஸ வெச்சு முடிவு எடுக்காதீங்க. மெஷின் நம்பர் கையில கிடைச்ச பிறகு மறுபடி தேடுறதுக்கு இன்டர்நெட் மாதிரி ஒண்ணு கிடையாது, அத அப்புறம் சொல்றேன்.

அடுத்த வழி, நாமளே பின்மூடிய திறந்து பாக்குறது. இங்கதான் உண்மையான விஷயம் ஆரம்பிக்குது, ஏன்னா டயல மாத்தலாம், முள்ள மாத்தலாம், ஸ்ட்ராப் சொல்லவே வேண்டாம், மெஷின்ல அடிச்ச எழுத்த மட்டும் யாரும் மெனக்கெட்டு மாத்தறதில்ல, சாதாரண வாட்சுக்கு அந்த செலவு கட்டுப்படியாகாது. ஆனா திறக்கறதுக்கு முன்னாடி வெளிய இருக்கறத படிங்க, பாதி பதில் அங்கயே இருக்கும்.

சீக்கோவ எடுத்துக்கோங்க. பின்மூடில நாலு நம்பர், ஒரு கோடு, மறுபடி நாலு நம்பர்னு இருக்கும். முதல் நாலு மெஷினோட நம்பர், அடுத்த நாலு கேஸோட, அதாவது வெளிக்கூட்டோட நம்பர். மாமா வாட்ச்ல 7009ன்னு ஆரம்பிக்குது, அப்போ உள்ள 7009 மெஷின், 17 கல்லு (அச்சு தேயாம இருக்க உள்ள பதிக்கிற கல்லு), ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவுலயே சாவி ஏறிக்கும். அதே மூடில தனியா ஆறு இலக்கத்துல ஒரு சீரியல் நம்பர் இருக்கும், அதுல முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம், 1ல இருந்து 9 வரைக்கும் நம்பர், அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. மாமாவோடது 83ன்னு ஆரம்பிக்குது. அப்போ எட்டுல முடியிற வருஷம், மார்ச் மாசம். 78ஆ 88ஆன்னு அந்த நம்பர் சொல்லாது, அத மெஷின வெச்சு நாம கணிக்கணும், 7009 மெஷின் 70கள் பிற்பாதில ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் ஓடுச்சு, ரெண்டுமே பொருந்துது. இந்த முடிச்ச எப்படி அவுத்தேன்னு பின்னாடி வரேன். இன்னும் பழைய சீக்கோன்னா ஒரு சின்ன துப்பு இருக்கு, வாட்டர் ப்ரூஃப்னு எழுதியிருந்தா சுமார் 1970க்கு முன்னாடி, வாட்டர் ரெசிஸ்ட்னு இருந்தா அதுக்குப் பிறகு. கிழமைய சுத்தி விட்டுப் பாருங்க, இங்கிலீஷோட அரபி எழுத்தும் மாறி மாறி வந்தா அது வளைகுடா பக்கம் விக்கறதுக்கு போன வாட்ச், யாரோ துபாய்ல இருந்தோ மஸ்கட்ல இருந்தோ கொண்டு வந்திருப்பாங்க. டயல்லயும் ஆறு மணிக்கு கீழ விளிம்புல எறும்பு சைஸ்ல ஒரு நம்பர் இருக்கும், அதுவும் 7009ன்னு ஆரம்பிக்கணும். மூடி, டயல், மெஷின் மூணும் ஒரே நம்பர் சொன்னா நிம்மதியா தூங்கலாம். சிட்டிசனும் கிட்டத்தட்ட இதே முறைதான், சீரியல்ல முதல் இலக்கம் வருஷம், அடுத்த ரெண்டும் மாசம்.

ஸ்விஸ் வாட்ச்ல இந்த வசதி கிடையாது, ஆனா மூடில பிரெஞ்சுல எதாவது எழுதியிருப்பாங்க, நம்மாளுங்க நிறைய பேரு அத கம்பெனி பேருன்னு நெனச்சுக்கிறாங்க. "என்கிட்ட ஆசியே இனாக்சிதாப்ள்னு ஒரு கம்பெனி வாட்ச் இருக்கு, என்ன விலை போகும்"னு ஒருத்தர் என்னையே கேட்டாரு. அதுக்கு துருப்பிடிக்காத எஃகுன்னு அர்த்தம், எவர்சில்வர்னு வெச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி ஃபோன் (fond)னு ஒரு வார்த்தை சேந்திருந்தா உஷார், பின்மூடி மட்டும்தான் எவர்சில்வர், மேல இருக்கற கேஸ் பித்தளைல முலாம் பூசினதுன்னு அர்த்தம், அத பாலிஷ் போடறேன்னு குடுத்தீங்கன்னா முலாம் போய் மஞ்சளா பல்ல இளிக்கும். இன்காப்ளாக்னு இருந்தா அதுவும் கம்பெனி இல்ல, வாட்ச் கீழ விழுந்தா பேலன்ஸ் சக்கரத்தோட (டிக் டிக்னு முன்னும் பின்னும் ஆடற சக்கரம்) அச்சு ஒடியாம இருக்க வெக்கிற ஸ்பிரிங் அமைப்பு, 1930கள்ல வந்தது. தங்கமான்னு சந்தேகம் வந்தா மூடிக்குள்ள முத்திரை பாருங்க, ஸ்விஸ் 18 காரட்டுக்கு ஒரு பொம்பளை தலை, 14 காரட்டுக்கு அணில், 1995க்கு அப்புறம் வந்ததுல நாய் தலை.

சரி, திறக்கறது. அமுக்கி மூடுற மூடின்னா விளிம்புல ஒரு சின்ன பள்ளம் இருக்கும், அங்க மெல்லிசா கத்தி முனை விட்டா தெறிக்கும். திருகு மூடின்னா சுத்திலும் வெட்டு வெட்டா இருக்கும், அதுக்கு ஒட்டுற மாதிரி ஒரு ரப்பர் பந்து விக்கறாங்க, அத மூடி மேல அழுத்தி திருகினா லூசா இருக்கறது கழண்டு வந்துடும். இன்னொரு ரகம் இருக்கு, பின்னாடி திறக்கவே திறக்காது, கண்ணாடிய எடுத்து முன்னாடி வழியாத்தான் மெஷினே வெளிய வரும், அது தெரியாம பின்பக்கம் நோண்டி நோண்டி கேஸையே நாசம் பண்ணவங்க உண்டு. நான் சீக்கோவ பந்து வெச்சு திறந்துட்டேன், சந்தோஷமா இருந்துச்சு, அந்த தெம்புல தாத்தா வாட்ச்ல காய்கறி கத்திய வெச்சேன், வழுக்கி விளிம்புல ஒரு கீறல். எழுபது வருஷம் யாரும் போடாத கீறல். இந்த வழிக்கு செலவு கம்மி, கத்துக்கிறதும் அதிகம், ஆனா ஒரே ஒரு வாட்ச் இருக்கறவங்களுக்கு இது வேண்டாம். பழகறதுக்கு ஓடாத எச்எம்டி ரெண்டு வாங்கி அத நோண்டுங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. நாம இருட்டுல மின்னுற எல்லாத்தையும் ரேடியம்னு சொல்றோம்ல, சைக்கிள் மட்கார்டு ஸ்டிக்கர்ல இருந்து பூஜை ரூம் ஸ்விட்ச் வரைக்கும், அதெல்லாம் ரேடியம் கிடையாது, ஆனா 1960க்கு முன்னாடி வந்த நிறைய வாட்ச்ல முள்ளுலயும் நம்பர்லயும் பூசினது நெசமாவே ரேடியம். அது இப்போ மின்னாது, கூட கலந்த மின்னுற பொடி எப்பவோ செத்துப் போச்சு, ஆனா ரேடியம் சாகல, அது பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும். கண்ணாடி மூடியிருக்கற வரைக்கும் பயப்பட ஒண்ணும் இல்ல, திறந்து அந்த பழுப்பு பூச்ச சுரண்டினாலோ ஊதினாலோ அந்தத் தூசி உள்ள போகும், அது கூடவே கூடாது. இதுவே வருஷம் கணிக்கவும் உதவும், ஸ்விஸ் மேடுங்கற வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் டி (T)ங்கற இங்கிலீஷ் எழுத்து இருந்தா அது ட்ரிட்டியம், ரேடியத்துக்கு பதிலா பூசின இன்னொரு மின்னுற சரக்கு, 60கள்ல இருந்து 90கள் கடைசி வரைக்கும் வந்தது, அது 12 வருஷத்துக்கு ஒரு தடவ பாதியாகும், அவ்வளவு வம்பு இல்ல. தாத்தா வாட்ச்ல டி இல்ல, நம்பர் உப்பி பழுப்பா இருக்கு. அந்த எடத்துலயே கத்திய கீழ வெச்சுட்டேன்.

இப்போ ரிப்பேர் கடைக்கு வரேன், என் ஓட்டு இதுக்குத்தான். கண்ணாடி ஷோரூம் வேண்டாம், அங்க பேட்டரி மாத்தி ஸ்ட்ராப் வெட்டுவாங்க, பழச காட்டினா மேலயும் கீழயும் பாத்துட்டு "பார்ட்ஸ் கிடைக்காது சார்"ம்பாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம், பழைய மார்க்கெட் சந்துல, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி கண்ணுல லென்ஸ் மாட்டி குனிஞ்சு உக்காந்திருக்கற பெரியவரைத் தேடிப் புடிங்க, இன்னும் பத்து வருஷம் கழிச்சு தேடினா கிடைக்க மாட்டாங்க. சென்னைல இருக்கறவங்க பர்மா பஜார் பக்கம் விசாரிங்க, 1969ல பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்களுக்காக வந்த கடைவீதி, ஒரு காலத்துல வெளிநாட்டு வாட்ச் கையில ஏறணும்னா அங்கதான் போவாங்க.

எங்க ஊர் பாய் தாத்தா வாட்ச வாங்கி திருப்பிக் கூட பாக்கல, விளிம்புல இருக்கற கீறலப் பாத்துட்டு "யாரு தம்பி கத்தி வெச்சது"ன்னாரு. நாந்தான் பாய்னேன். "வாட்ச் பழனி மலை படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படியாத்தான் ஏறணும்"னு சொல்லிட்டு ரெண்டே விநாடில மூடிய எடுத்துட்டாரு, எப்படி எடுத்தாருன்னு இன்னும் எனக்குப் புரியல. முதல்ல அவரு மெஷின பாக்கல, மூடியோட உள்பக்கத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாரு. அங்க ஊசியால கிறுக்கின மாதிரி பொடிப் பொடியா எழுத்து. பழைய ரிப்பேர்காரங்க ஒவ்வொரு தடவ சர்வீஸ் பண்றப்பவும் தேதியும் அவங்க அடையாளமும் உள்ள கீறி வெப்பாங்களாம், கஸ்டமர் நாளைக்கு "போன மாசந்தான பண்ணீங்க"ன்னு சண்டைக்கு வந்தா திறந்து காட்டறதுக்கு. தாத்தா வாட்ச்ல நாலு கீறல். கடைசி 81. முதல் கீறல் 11-57.

57. கல்யாணம் 62ல.

பாய் நான் முழிக்கறத கண்டுக்காம மெஷின காட்டினாரு. பாலத்து மேல, அதாவது சக்கரங்கள புடிச்சு வெக்கிற தகடு மேல, வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனின்னு பொறிச்சிருக்கு. டயல்ல அழிஞ்ச பேரு இதுதான். இதுவும் பம்பாயோட சம்பந்தப்பட்ட கம்பெனிதான், 1886ல அங்கதான் ஆரம்பம், சாமான் எல்லாம் ஸ்விஸ், வியாபாரம் நம்ம நாட்டுலயும் அரபு நாடுகள்லயும். சொவார்ங்கறது அவங்களோட பேரு போன மாடல், குதிரை வீரன்னு அர்த்தம். அப்புறம் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடில லென்ஸ் வெச்சுப் பாக்கச் சொன்னாரு, கேடயம் மாதிரி ஒரு குட்டி முத்திரை, உள்ள ஏ.எஸ்னு ரெண்டு எழுத்து, பக்கத்துல நம்பர். அது ஏ.ஷில்ட், கிரென்ஷன்ங்கற ஊர்ல இருந்த மெஷின் செய்யற கம்பெனி, அவங்க கிட்ட மெஷின் வாங்கி நூத்துக்கணக்கான கம்பெனிக்காரங்க அவங்கவங்க பேரு போட்டு வித்தாங்க. அதனாலதான் பேரு தெரியாத ஸ்விஸ் வாட்ச்ல முதல்ல தேட வேண்டியது டயல் பேர இல்ல, இந்த முத்திரையையும் நம்பரையும்தான்.

அந்த நம்பர போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து ராத்திரி உக்காந்தேன். இங்கதான் இன்டர்நெட்டு திரும்ப வருது. ரான்ஃப்ட்னு ஒரு மெஷின் டேட்டாபேஸ் இருக்கு, முத்திரையும் நம்பரும் குடுத்தா படத்தோட காட்டும், பாலம் என்ன வடிவம், எத்தனை கல்லு, விட்டம் எவ்வளவுன்னு. மைக்ரோலிஸ்க்னு இன்னொண்ணு, கம்பெனி முத்திரைகளோட அகராதி மாதிரி. ஒண்ணு மனசுல வெச்சுக்கணும், மெஷின் நம்பர் "இதுக்கு முன்னாடி இருக்க முடியாது"ன்னு மட்டும்தான் சொல்லும். ஏ.எஸ் 1130ன்னு ஒரு மெஷின் ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஜெர்மன் ராணுவ வாட்ச்கள்ல இருந்தது, போர் முடிஞ்ச பிறகும் எத்தனையோ பேர்ல வந்துக்கிட்டே இருந்துச்சு, அத வெச்சு 43ன்னு சொல்ல முடியாது, 53ன்னும் சொல்ல முடியாது. ஆனா மூடிக்குள்ள கிறுக்கின தேதி "இதுக்கு அப்புறம் இருக்க முடியாது"ன்னு சொல்லுது. கீழ ஒரு எல்லை, மேல ஒரு எல்லை, நடுவுல டயல்ல டி இல்ல, பூசினது ரேடியம். இப்படி நெருக்கிக்கிட்டே வந்தா தாத்தா வாட்ச் 40கள் கடைசில இருந்து 57க்குள்ளன்னு நிக்குது. நூறு ரூபா குடுத்தேன் பாய்க்கு, வேண்டாம்னாரு, டீ மட்டும் வாங்கிக்கிட்டாரு.

கடைக்கு போறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க. உங்க கண்ணு முன்னாடி திறக்கச் சொல்லுங்க, விட்டுட்டு வராதீங்க, திறந்ததும் மெஷினையும் மூடி உள்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்துக்கோங்க, இது அவரு மேல சந்தேகம் இல்ல, நாளைக்கு வேற எவர்கிட்டயாவது சர்வீஸ் குடுத்தா ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. ரெண்டாவது, "புதுசு மாதிரி ஆக்கித் தரேன்"னு யாராவது ஆசை காட்டினா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. டயல துடைச்சு, கேஸ பாலிஷ் போட்டு, மூடிய தேச்சா அந்த 11-57 மொத்தமா போயிடும்.

கம்பெனிக்கே எழுதிக் கேக்கறத பத்தி நிறைய பேரு பெருசா நம்பிக்கிட்டு இருக்காங்க. இது சில கம்பெனி வாட்சுக்குத்தான் பலிக்கும். லாஞ்சின்ஸ் மாதிரி கம்பெனிங்க பழைய விற்பனைப் பதிவேட பத்திரமா வெச்சிருக்காங்க, மெஷின்ல இருக்கற சீரியல் நம்பர் குடுத்தா எந்த வருஷம் எந்த ஏஜென்டுக்கு அனுப்பினோம்னு எடுத்துச் சொல்ல முடியும். ஒமேகாவுக்கு அவ்வளவு கூட போக வேண்டாம், சீரியல் நம்பர வெச்சே உத்தேசமா வருஷம் சொல்லிடலாம், ஒரு கோடி நம்பர் 1944 வாக்குல, ரெண்டு கோடி 1963 வாக்குல. ஆனா இதுக்கும் மெஷின திறந்து நம்பர் எடுத்தாத்தான முடியும், அப்போ மறுபடி பாய்கிட்டதான் போகணும். எச்எம்டிக்கு எழுதிக் கேட்டு எந்த வருஷத்துதுன்னு பதில் வரும்னு உக்காந்திருக்க வேண்டாம், 1953ல பெங்களூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, 61ல சிட்டிசன் துணையோட வாட்ச் செய்ய இறங்கினாங்க, 2016ல வாட்ச் பிரிவ மூடறதுன்னு அரசாங்கம் முடிவு பண்ணிடுச்சு. சீக்கோவுக்கு எழுதறதுல அர்த்தமே இல்ல, வேணுங்கறத மூடிலயே எழுதி வெச்சிருக்கான்.

அதோட கம்பெனி பேப்பர் இருந்தாலே முடிஞ்சது கதைன்னும் இல்ல. 2021 நவம்பர்ல ஜெனிவால 1957ம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒண்ணு ஏலத்துல 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல போச்சு, ஸ்பீட்மாஸ்டர்லயே அது வரைக்கும் கேள்விப்படாத விலை. வாங்கினது யாருன்னா ஒமேகாவே, அவங்க மியூசியத்துக்கு. 2023ல கம்பெனியே வெளிய வந்து சொல்லுது, அது பல வாட்ச் சாமான சேத்துக் கோத்த வாட்ச், எங்க முன்னாள் ஆளுங்க சிலரே இதுல கூட்டுன்னு. பதிவேட்டுல இருக்கற நம்பருக்கு பொருந்தற மாதிரி மெஷின உள்ள வெச்சுட்டா பேப்பர் சரியாத்தான் வரும், வாட்ச் சரியா இருக்கணும்னு இல்ல. பெரிய மியூசியத்துக்கே இந்த கதின்னா நான் மூவாயிரத்து எண்ணூறுல தப்பிச்சேன்.

ஏலக் கம்பெனி, மதிப்பு போடறவங்க எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்ல, தங்க கேஸ்ல பெரிய பேரு போட்ட வாட்ச்னா போங்க.

எது பெட்டர்னு கேட்டா, சீக்கோ, சிட்டிசனா இருந்தா வீட்லயே ஒரு லென்ஸ் கண்ணாடியோட உக்காருங்க, பத்து பைசா செலவு இல்ல. பேரு தெரியாத ஸ்விஸ்னா நேரா ரிப்பேர் கடை, வேற யோசனையே வேண்டாம். ஒமேகா, லாஞ்சின்ஸ்னா கடைல திறந்து நம்பர் எடுத்து அப்புறம் கம்பெனிக்கு எழுதலாம். எச்எம்டின்னா பாக்க வேண்டியது வருஷத்த இல்ல, டயல் சொந்த டயலா பெயிண்டா, அத மட்டும் பாத்துட்டு தைரியமா கையில கட்டுங்க. விக்கற எண்ணத்துல கண்டுபிடிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, இந்த மூணு வாட்சையும் சேத்து வித்தா கூட எனக்கு ஒரு நல்ல போன் வராது, அதுக்காக ராத்திரி முழிக்காதீங்க.

இன்னொரு வழி நான் கடைசிலதான் போனேன், முதல்லயே போயிருக்கணும். வீட்டு ஆல்பம். மாமாவோட சீக்கோ 78ஆ 88ஆன்னு விட்டேன்ல, அம்மாகிட்ட பழைய ஆல்பத்த வாங்கிப் புரட்டினேன். பெரியக்கா காதுகுத்து, 1984, மாமா மடில அக்கா வாய கிழிய வெச்சு அழுதுக்கிட்டு இருக்கா, அவள புடிச்சிருக்கற கையில செயின் போட்ட அதே வாட்ச், மூணு மணி எடத்துல கிழமையும் தேதியும் ரெண்டு கட்டமா பளிச்சுன்னு தெரியுது. அப்போ 78தான். எந்த டேட்டாபேஸும் பிரிச்சுச் சொல்ல முடியாதத காதுகுத்து போட்டோ சொல்லிடுச்சு.

அதே ஆல்பத்துல தாத்தா கல்யாண போட்டோவும் இருந்துச்சு. பெருசு பண்ணிப் பாத்தேன். கையில வாட்ச் இருக்கு. ஆனா அது சதுர வாட்ச்.

நேரா மதுரைல அத்தைக்கு போன் போட்டேன். விஷயத்த சொன்னதும் அத்தை சிரிக்க ஆரம்பிச்சிடுச்சு. "மாமனார் போட்ட வாட்சா, அது சதுரமா தங்கக் கலர்ல இருக்கும்டா, அத எழுவதுலயே வித்து தான் கடைக்கு ஃபிரிட்ஜு வாங்குனாரு. நீ சொல்ற வட்ட வாட்சு, அது மில்லுல வேலை பாத்த ஒருத்தர் மளிகை பாக்கிக்கு வெச்சுட்டுப் போனது. மீக்க வருவாரு வருவாருன்னு உங்க தாத்தா ரொம்ப வருஷம் கட்டவே இல்ல, கல்லாவுல போட்டு வெச்சிருந்தாரு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாவி மட்டும் குடுப்பாரு."

அந்த ஆளு பேரு என்ன அத்தைன்னு கேட்டேன். அத்தைக்கு ஞாபகம் இல்ல. பாக்கி எழுதின கணக்கு நோட்டு கட்டு கட்டா அதே மச்சுல, டப்பா இருந்த பரணுக்கு மேல இருக்காம், கரையான் அரிக்காம இருந்தா. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ ஏணி எடுத்துட்டு ஏறணும்.